காமராஜர் போட்ட கணக்கு

காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15 நெருங்கினால் எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஒத்திகைதான். கல்வி வளர்ச்சி நாளுக்குப் பேச்சுப் போட்டி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு, காமராஜர் காலமானபோது பெட்டியில் எத்தனை வேட்டி இருந்தது, பையில் எத்தனை ரூபாய் இருந்தது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். தாயார் வீட்டுக்குத் தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயைப் பிடுங்கச் சொன்ன கதை அடுத்து வரும். ஆடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்ட கதை அதற்கடுத்து வரும். கைதட்டுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், கூட்டம் கலைந்துவிடும். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் ஆசிரியையாகவும் பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மேடைக்குப் பின்னால் நின்று இந்தப் பேச்சுகளை வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கதைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கதைகளோடு நாம் நின்றுவிட்டோம். எளிமையாக வாழ்ந்தவர்கள் இந்த மண்ணில் ஏராளம். எங்கள் கரிசல்காட்டில் இரண்டு வேட்டியோடு பிறந்து வளர்ந்து செத்துப்போன சம்சாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. காமராஜர் பெரிய மனிதரானது கணக்குப் போட்டு வேலை செய்த நிர்வாகியாக இருந்ததால். எளிமையைப் பாடினால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் வராது. அவருடைய கணக்கைப் பேச ஆரம்பித்தால், இன்று பதவியில் இருக்கிற ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் நாற்பது, ஐம்பது வருஷமாக வேட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நாட்டை உருவாக்கியவர்கள் என்று பாடப் புத்தகம் சில பெயர்களைச் சொல்கிறது. காந்தி, நேரு, படேல், அம்பேத்கர். அந்த வரிசையில் விருதுநகர்க்காரர் ஒருவரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் திடமான கருத்து. சொந்த மாவட்டத்துப் பாசத்தில் இதைச் சொல்லவில்லை. 1946-ல் கூடிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களில் அவர் ஒருவர். விடுதலைக்காகச் சிறையில் இருந்தது ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். 1964 மே மாதம் நேரு மறைந்தபோதும், 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோதும் காங்கிரஸ் தலைவர் அவர்தான். இருபது மாதத்துக்குள் இரண்டு பிரதமர்களை இழந்த நாட்டில், ஒரு தடவை எல்லோரையும் கலந்து பேசியும், இன்னொரு தடவை கட்சி எம்.பி.க்களின் வாக்கெடுப்பு மூலமும், அடுத்த பிரதமரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அதே காலத்தில் மற்ற நாடுகளைப் பாருங்கள். பாகிஸ்தானில் 1958-லேயே ராணுவம் வந்துவிட்டது. பர்மாவில் 1962-ல் வந்தது. கானாவை விடுவித்த நிக்ரூமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, 1966 பிப்ரவரியில் அவர் ஆட்சியைப் பறித்துக்கொண்டார்கள். இங்கே அப்படி நடக்காமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவரின் நிதானமும் அவற்றில் ஒன்று.

அந்த நிதானம் எங்கே உருவானது என்று யோசித்தால் எனக்கு ஒரு பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா. காமராஜர் அங்கேதான் படித்தார். கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் 1889-ல் தன் முயற்சியில் எழுப்பிய பள்ளி அது. அதன் செலவுக்குப் பிடியரிசி வசூலித்தார்கள். வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். சேர்ந்த அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போகும். கையிலே காசு இல்லாத வீடுகூடப் பள்ளிக்கூடத்தின் பங்குதாரர் ஆன வழி அது. தகப்பனார் குமாரசாமி காமராஜரின் சிறு வயதிலேயே இறந்துபோக, தாயார் சிவகாமி அம்மாள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடிய வீட்டுப் பையன், அந்தப் பிடியரிசிப் பள்ளியில் கொஞ்ச காலம்தான் படித்தான். பிறகு மாமா துணிக்கடையில் வேலை. அடுத்து திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடை. 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தபோது அவருக்கு வயது பதினாறுகூட நிறையவில்லை. அதற்குப் பிறகு கடை ஏது, கல்லா ஏது.

1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், இரண்டு வருஷத் தண்டனை, அலிப்புரம் சிறை. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். அதே ஆண்டு மறுபடி கைது, வேலூர் சிறை. சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையானதும் நகராட்சிக்குப் போனார், கூட்டத்தில் உட்கார்ந்தார், ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டார். முழுதாக வேலை செய்ய முடியாத பதவியில் பேருக்கு இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். இதைத் தியாகம் என்று நாம் மேடையில் சொல்கிறோம். எனக்கு இது பொறுப்புணர்ச்சியாகப் படுகிறது. பதவி என்றால் அவருக்கு ஒரு வேலை, அவ்வளவுதான்.

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சரானபோது அவர் செய்த முதல் காரியத்தைப் பாருங்கள். மொத்தம் எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை. கட்சிக்குள் அவரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இரண்டு பேரையும் அமைச்சராக்கினார். நிதியும் கல்வியும் சி.சுப்பிரமணியம் கையில். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் அறநிலையத் துறை. எந்தக் கோயில் வாசலில் ஒரு சமூகத்தை நிறுத்தினார்களோ, அந்தக் கோயில்களின் நிர்வாகம் அந்தச் சமூகத்துக்காரர் கையெழுத்தில் நடக்கட்டும் என்று ஏற்பாடு. இதற்கு அவர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு கோப்பில் முடித்துவிட்டார்.

அடுத்த மாதமே, அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்திருந்த கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பிறகுதான் கணக்கு ஆரம்பமானது. பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை? தூரமா? ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்தார்கள். சம்பளமா? படிப்படியாகப் பள்ளி இறுதி வகுப்பு வரை இலவசமாக்கினார்கள். வித்தியாசம் தெரிகிற உடுப்பா? சீருடை. பசியா? சாப்பாடு போடு. நீதிக்கட்சிக் காலத்தில், 1920-ல், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் தொடங்கிய மதிய உணவு, மாநிலம் முழுதும் போக முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் அதைத் தொடங்கிவைத்தார். எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து வெயில்தான்.

அந்தத் திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது செலவைப் பங்கு போட்ட விதம். எல்லாவற்றையும் அரசே தரவில்லை. அரசு ஒரு பங்கு போட்டது, ஊர் ஒரு பங்கு போட்டது. ஊர்க்காரர்கள் நெல்லும் விறகும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டினார்கள். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று நடத்தினார்கள். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அதற்கு உயிராக இருந்தார். பெஞ்சு, கரும்பலகை, மணி, சுவர், நிலம் என்று ஒவ்வொரு ஊரும் தன் பள்ளிக்கு எதையாவது எழுதிக் கொடுத்தது. சிறு வயதில் விருதுநகரில் அவர் பார்த்த பிடியரிசிக் கலயம்தான் மாநில அளவுக்கு விரிந்தது என்று நான் நம்புகிறேன். கையில் பணம் இல்லாத அரசு, பணம் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடாமல் இருப்பதற்கு அவர் கண்ட வழி இது. இன்றைய இலவசத் திட்டங்களோடு இதை ஒரே மூட்டையாகக் கட்டுவது சரியல்ல.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அமெரிக்காவின் கேர் அமைப்பு அனுப்பிய மக்காச்சோள மாவும் பால் பவுடரும் வந்துகொண்டிருந்த சமயம். மஞ்சளாக ஓர் உப்புமா. ஆயா பெரிய சட்டியில் கிண்டுவார். அடியில் பிடித்த காந்தலுக்குச் சண்டை போடுவோம். அலுமினியத் தட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். அந்தத் தட்டு பைக்குள் கிடந்து சத்தம் போடுவதைக் கேட்டே அம்மா நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறேன் என்று தெரிந்துகொள்வார்.

என் அக்காவுக்கு அந்தத் தட்டு கிடைக்கவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், கம்பெனி என்று சொல்ல மாட்டோம். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்து ஆரம்பித்தது இந்தத் தீப்பெட்டித் தொழில். மழை இல்லாத பூமிக்கு அது ஒரு வாழ்வு. அதை நான் மறுக்கவே மாட்டேன். அக்காவின் வேலை கட்டை அடுக்குவது. வரிசையாகப் பள்ளம் வெட்டிய மரச் சட்டத்தில், பள்ளத்துக்கு ஒரு குச்சியாக வைத்து, சட்டத்தின் மேல் சட்டம் ஏற்றி இறுக்கினால் ஒரு கட்டை. குச்சியின் நுனியெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், பிறகு அதை மருந்தில் தோய்ப்பார்கள். இத்தனை கட்டைக்கு இவ்வளவு கூலி. சின்ன விரல்தான் இதற்குத் தோது, வேகமாக ஓடும். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அக்கா பல்கூட விளக்காமல் ஏறுவாள். அவள் கூலியில்தான் என் சிலேட்டும் பாவாடையும் வந்தன. இன்றைக்கும் அவளுக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும்.

காமராஜரின் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி இங்கேதான் இருக்கிறது. தூரத்தைக் கணக்கிட்டார், சம்பளத்தைக் கணக்கிட்டார், மதியப் பசியைக் கணக்கிட்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போனால் வீட்டுக்கு வராமல் போகும் கூலியை யார் ஈடுகட்டுவது என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆடு மேய்க்கிற பையனை ஒரு வேளைச் சோறு பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவிடும். வாரச் சம்பளம் கொண்டுவருகிற பெண் பிள்ளையை இழுக்காது. அதனால்தான் அவர் பிறந்த மாவட்டத்திலேயே, அவர் ஆட்சி முடிந்து இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசில் இருந்தார்கள். இதைச் சொன்னால் பெருந்தலைவரைக் குறை சொல்வதாக எங்கள் ஊரில் சிலர் கோபப்படுவார்கள். அவர் தெய்வம் என்றால் குறை சொல்லக் கூடாதுதான். அவர் ஒரு நிர்வாகி. நிர்வாகி விட்டுவைத்த வரியை அடுத்து வருகிறவர் எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

அந்த வரியை எழுதும் வாய்ப்பு அவருக்கே இருந்தது என்பது என் எண்ணம். 1963-ல் அவர் பதவி விலகியிருக்கக் கூடாது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று அவரே சொன்ன திட்டம் அது. மொரார்ஜி, சாஸ்திரி, ஜெகஜீவன்ராம் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும், ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள். காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2-ல் அவர் கோட்டையை விட்டு இறங்கினார். நீங்கள் போவது தமிழ்நாட்டுக்குக் கேடு என்று பெரியார் எச்சரித்தார். பெரியார் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. அகில இந்தியக் கட்சியைத் தூக்கி நிறுத்த அவர் டெல்லிக்குப் போனார். கட்சி ஆறே வருஷத்தில், 1969-ல், இரண்டாக உடைந்தது. இங்கே 1965-ல் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் எழுந்தபோது அவர் முதலமைச்சர் நாற்காலியில் இல்லை. அரிசிப் பஞ்சம் வந்தபோதும் இல்லை. மக்கள் கோபத்தைத் தரையிலிருந்து கேட்டறியும் காது அரசுக்கு இல்லாமல் போயிற்று.

1967-ல் விருதுநகரிலேயே தோற்றார். தோற்கடித்தவர் திமுகவின் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 வாக்கு. நான் சின்னப் பிள்ளை. எங்கள் தெருவில் சில வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை, சில வீடுகளில் வெடி போட்டார்கள். இரு தரப்பு வீடுகளிலும் பட்டாசுத் தொழிலாளர்கள்தான் இருந்தார்கள். அந்தத் தோல்வியை நன்றி கெட்டதனம் என்று திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அவர் திறந்த பள்ளிக்கூடத்தில் படித்த தலைமுறை, படித்ததனால்தான் கேள்வி கேட்டது. இரண்டு வருஷம் கழித்து நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 1975 அக்டோபர் 2-ல் காலமானார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா கொடுத்தார்கள். 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்த எங்கள் மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1997-ல், மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று முடிவானதும், விருதுநகர் மாவட்டம் ஆனது. பெயர் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

அவர் விட்டுப்போன வரியை வேறு பலர் சேர்ந்து எழுதினார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1986-ல் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கத் தடைச் சட்டம். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை வைத்தே எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்றது. இழந்த கூலி என்ற அந்த விஷயத்தை ஒரு தீர்ப்பு நேரடியாகத் தொட்டது அப்போதுதான். பிறகு சிறப்புப் பள்ளிகள் வந்தன. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்தோம். "சீசன் முடியட்டும் டீச்சர், நானே கொண்டாந்து விடுதேன்" என்று சொல்லும் தாயிடம், சீசன் முடியும்போது பிள்ளை பாதிப் பாடத்தை மறந்திருக்கும் என்று சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன். அதே மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. தீப்பெட்டி அடுக்கியவர்களின் பிள்ளைகள் வாங்கிய மார்க் அது. 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதிக் கணக்கு தீர்ந்தது என்றே சொல்வேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்கிறது. தாயும் தகப்பனும் பட்டாசு ஆலையில் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் இந்த மாவட்டத்தில் உள்ளன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்து போகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வேலையிலிருந்து நேரே ஓடிவரும் தாய்மார்களை எனக்கு நன்றாகத் தெரியும். காதோரத்திலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னும். தேய்த்துக் குளித்தாலும் முழுதாகப் போகாது. ஒரு தாய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின் பார்த்தேன். அவர் உள்ளங்கை பட்ட இடத்தில் தாள் பளபளத்தது. மறுநாள் கூப்பிட்டபோது அதே இடத்தைத் தொட்டுத் துடைத்துவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்" என்றார். எதற்கு மன்னிப்பு? அந்தப் பவுடர் அவர் மகளின் பாடப் புத்தகத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் கொடுத்த விலை.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாள். பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ மேசைமேல் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி முதலிப்பட்டி ஆலை வெடித்தது. 38 பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்களும் அதில் உண்டு. எங்கள் பகுதிப் பள்ளிகளில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் முதலில் பார்ப்பது புகை எந்தத் திசையில் எழுகிறது என்பதைத்தான். அந்தத் திசையில் அம்மா வேலை பார்க்கிற பிள்ளையின் முகம் மட்டும் மாறும். அந்த முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தச் சொல்லி எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம், இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இடையில் விட்ட பெயர்கள் இன்னும் பல.

ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். நிவாரணத் தொகை அறிவிப்பார்கள். லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள். போர்மேனைக் கைது செய்வார்கள். காரணமும் ஒன்றேதான், ஊரில் எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும், ஷெட்டுகளை அவர் நாலைந்து பேருக்கு உள்குத்தகைக்கு விட்டிருப்பார். வாடகை கொடுத்தவர் போட்ட பணத்தை ஒரு சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். அறைக்கு நாலு பேர் என்ற விதி காற்றில் போகும். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து கலப்பார்கள். காலையிலேயே முடிக்க வேண்டிய கலவையை உச்சி வெயிலில் வைத்துக்கொள்வார்கள். மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்குவார்கள். பேன்சி ரகங்களுக்கான மணி மருந்து லேசாக உராய்ந்தாலே வெடித்துவிடும். வெடித்த பிறகு பார்த்தால், இறந்தவர்களுக்கு யார் முதலாளி என்பதே விசாரணையில்தான் தெரியவரும்.

காமராஜரின் முறையை இந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு, காரணத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதினார் அல்லவா? தொழிலாளி ஏன் சாகிறார் என்று அதேபோலக் கேட்க வேண்டும். மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் அலுவலகம் தருவது, அதன் சென்னை அலுவலகம் தருவது, மாவட்ட வருவாய் அலுவலர் தருவது என்று லைசென்ஸ் மூன்று வகையாக இருப்பதால், யார் பார்ப்பது என்ற கேள்விக்கே பதில் கிடைப்பதில்லை. மத்திய வெடிபொருள் துறை மாநிலத்தைக் கைகாட்டுகிறது, மாநிலம் மத்திய துறையைக் கைகாட்டுகிறது. கட்சிக்குள் தன்னை எதிர்த்தவரையே பக்கத்தில் உட்காரவைத்து வேலை வாங்கத் தெரிந்தவர் பிறந்த மாவட்டம் இது. இரண்டு அரசுகளின் அதிகாரிகளை ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே பட்டியலைத் தயாரிக்க இன்னும் நம்மால் முடியவில்லை.

பட்டாசுத் தொழிலையே மூடிவிடலாம் என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடுத்துப் பசுமைப் பட்டாசு மட்டும் என்று சொன்னபோது, இங்கே ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. கூலி இல்லாத வீட்டிலிருந்து முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்புதான். அதை நான் கண்ணால் பார்த்தேன். தொழில் இருக்க வேண்டும், தொழிலாளி உயிரோடு வீடு திரும்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க முடியும். விதியை மதித்து நடக்கும் ஆலைகள் இங்கே பல உண்டு. வாசலிலேயே செருப்பையும் செல்போனையும் வாங்கிவைத்து, வேலைக்குச் சேர்க்குமுன் பயிற்சி கொடுத்து, வருஷக்கணக்கில் ஒரு விபத்தும் இல்லாமல் நடத்துகிறார்கள். அவர்கள் செய்வதை எல்லோரும் செய்ய வைப்பதுதான் அரசின் வேலை.

2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, மனதார வரவேற்கிறேன். என் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இனி ஒரு பெயர்கூடச் சேராமல் தடுக்கும் திட்டம் அதற்கு முந்தி வர வேண்டும்.

அதனால் மாவட்ட நிர்வாகத்துக்கும், மத்திய வெடிபொருள் துறைக்கும், எங்கள் தொகுதிகளின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் என் கோரிக்கை இது. உள்குத்தகைக்கு விட்ட உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்துவது போதாது, நிரந்தரமாக ரத்து செய்யுங்கள். ஆலை வாரியாக எத்தனை அறை, எத்தனை பேர், எவ்வளவு மருந்துக்கு அனுமதி என்பதைத் தமிழில் அச்சடித்து ஆலை வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஆய்வுக்குப் போன தேதியையும் கண்ட குறையையும் கிராம சபையில் வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். தாய் வேலை பார்க்கும் அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி என்று அந்தப் பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.